வீணாய்ப் போன இரண்டு மூட்டைகள்

தம்பியின் முழங்கை பட்டது, அவ்வளவுதான். அறுவை அரங்கில் பச்சைத் துணி விரித்துக் கருவிகள் அடுக்கியிருந்த மேசையைத் துப்பறியும் உற்சாகத்தில் லேசாக உரசிவிட்டான்.

"யாரும் பாக்கல" என்று முணுமுணுத்தான்.

"நான் பாத்தேன்" என்ற தலைமை நர்ஸ், மொத்தத்தையும் சுருட்டி அகற்றினார்.

செய்த பாவத்தைக் கழுவ அவன் பக்கத்து அறைக்கு ஓடி, கிருமி சாக அவிக்கும் நீராவிப் பெட்டியிலிருந்து அப்போதுதான் கல்மேடையில் இறக்கியிருந்த கருவி மூட்டை ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான்.

"நீங்க தொட்டதா? அதையும் ஓரமா வைங்க, சார்."

அவனுடைய அக்கா கிருமி ஆராய்ச்சி டாக்டர். சில வாரங்களாக அந்த ஆஸ்பத்திரியில் தைத்த காயங்கள் சீழ் பிடிக்கவே, காரணம் கண்டுபிடிக்க அவரை வரவழைத்திருந்தார்கள். உதவிக்கென்று இவனும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். பழி நர்ஸின் கைமேல் விழுந்திருந்தது. சாயங்காலத்துக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

வெளியே தள்ளப்பட்ட தம்பி, அக்காவோடு கண்ணாடி வழியே பார்த்தான். நர்ஸ் நகம் நகமாகத் தேய்த்தார். கைகளை உயர்த்தியபடி, தண்ணீர் முழங்கை வழியே வடிய விட்டார். நோயாளியின் வயிற்றில் மருந்து பூசியபின், பெரிய டாக்டர் உச்சுக் கொட்டியும், அது காயும்வரை கத்தியை நீட்டவில்லை.

"இந்தம்மா கை கழுவுறத டிக்கெட் போட்டுக் காட்டலாம்" என்றார் அக்கா.

"அப்போ குத்தவாளி யாரு? நான் கூட இருக்கறது உனக்கு உதவியா, இல்லையா?"

"உன் சட்டை ஏன்டா நனஞ்சிருக்கு?"

"வேர்வை."

"ஏசியில? அதுவும் சதுரமா?"

சாயங்காலம் எல்லோரும் பக்கத்து அறையில் கூடினார்கள். பளபளவென்ற கருங்கல் மேடையைத் தடவினார் அக்கா. "முன்னாடி இங்க என்ன இருந்தது?"

"கம்பி அலமாரி. துருப்பிடிச்சுதுன்னு நான்தான் மாத்துனேன். என் அன்பளிப்பு" என்றார் பெரிய டாக்டர், பெருமையாக.

"அதுக்கப்புறம்தான் சீழ் ஆரம்பிச்சிருக்கு."

சூடான மூட்டை ஒன்றை அக்கா கல்மேல் வைத்தார். காத்திருந்து தூக்கினார். கல்லில் சதுரமாக ஈரம்.

"கம்பியில காத்து போகும். ஜில்லுன்னு இருக்கற கல்லுல சூடா வெச்சா அடி வேர்க்கும். ஈரத்துணி வழியா கிருமி உள்ள போயிடும். ஆபரேஷனுக்குள்ள துணி காஞ்சிடறதால யார் கண்ணுலயும் படல. என் தம்பி ஈரத்தோட கட்டிப்பிடிச்சதாலதான் மாட்டிக்கிச்சு. இந்தம்மா கை சுத்தம். சந்தேகம்னா காலையில அவங்க வீசுன ரெண்டு மூட்டையக் கேளுங்க."

பெரிய டாக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதும்மா. அலமாரி நாளைக்கே வந்துடும்."

நர்ஸ் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கழுவாத கை என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டார்.

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "காலையிலேருந்து கேக்கறேன், யாரும் பதில் சொல்லல. நான் செஞ்சது உதவியா, உபத்திரவமா?"

"உதவிதான், சார். என் வேலையக் காப்பாத்துனீங்க" என்றார் நர்ஸ். "ஆனா இனிமே அந்தக் கதவைத் தாண்டிக் கால வெச்சீங்க, உங்களையும் பெட்டியில போட்டு அவிச்சிடுவேன்."