ஒரு பாயிண்ட்தான

பல் துலக்கும்போதே எண் வந்துவிடும். கண்ணாடியின் வலது மூலையில் பச்சையில் தெரிந்தால் நல்ல நாள். அன்று சிவப்பில் 2.9 என்று இருந்தது. முந்தின நாளைவிடக் குறைவு. இரவு முழுக்க நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். தூங்கியதற்காகக் குறைத்திருந்தார்கள். பெண்டாட்டி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, இவன் குறட்டை விடுகிறான் என்று யாரோ எழுதியிருந்ததை நிறையப் பேர் ஆமோதித்திருந்தார்கள்.

பயிற்சிக்குக் கிளம்பினேன். பனியனின் முதுகிலும் அதே எண் ஒளிர்ந்தது. அப்பா காலத்தில் கபடிக்காரர்களின் முதுகில் ஏழு, பத்து என்று அடையாள எண் இருக்குமாம். இப்போது அங்கே நடத்தை எண். களத்துக்கு வெளியே நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் மதிப்பெண். டீக்கடைக்காரர் என் முதுகைப் பார்த்துவிட்டு, கிளாசைக் குப்பைக்கூடையின் மூடிமேல் வைத்தார். எடுத்துக் குடித்தேன். குடித்ததையும் பார்த்திருப்பார்கள்.

பார்ப்பது சாட்சி. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் பதித்த, துவரம்பருப்பு அளவுச் சில்லு. நான் பேசுவதையும் மூச்சு விடுவதையும் ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எல்லோரும் சாட்சி என்றுதான் சொல்வார்கள். முகத்தைக் காட்டத் தும்பிகள் இருந்தன. விரல்நீளக் கேமராக்கள், தலைக்குமேல் பறந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் இது நியாயமாகத்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் குடித்துவிட்டு ஆட்கள்மேல் காரை ஏற்றினார்கள், வீட்டில் பெண்களை அடித்தார்கள். அணிகள் மூடி மறைத்தன. எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஊர் கேட்டது. பிறகு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டது. எண் நாலுக்குக் கீழே போனவன் களத்தில் இறங்க முடியாது என்று சட்டம் வந்தது. ஆட்டம் பார்ப்பவர்கள் இப்போது குறைவு. ஆட்டக்காரர்களைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

என் மனைவி செண்பகாவும் கபடிக்காரிதான். பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்கு ஆடியவள். அவள் பிடிக்கிற ஆள், நான் கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் கபடி பாடப் போகிற ஆள். மண் களத்தில் ஆடிப் பழகிய எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. பிடிபட்டவன் செத்தான். செத்தவன் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். கூட்டாளி ஒரு பாயிண்ட் எடுத்தால் அவனுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே வருவான். லீக் இந்தச் சொற்களை அசிங்கம் என்று நீக்கிவிட்டது. ஒளிபரப்பில் வெளியேற்றம், மீள்வரவு என்பார்கள். களத்துக்குள் நாங்கள் இன்னமும் செத்துப் பிழைத்துக்கொண்டுதான் இருந்தோம். உயிர் வந்தாலும் நான் மெதுவாகத்தான் எழுவேன். செண்பகா கேலரியிலிருந்து திட்டுவாள்.

அவளுக்கு இருதய வால்வு பழுது. அறுவைக்கு முன்னால் அறையில் இருவரும் தனியாக இருந்தோம். நோயாளியின் அறையில் சாட்சி மூடிக்கொள்ளும், அதுவும் சட்டம்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதவள்போல் பேசினாள்.

"உள்ள நான் செத்துட்டேன்னா நீ ஒரு பாயிண்ட் எடு. எந்திரிச்சு வந்துருதேன். ஒன்னைய மாதிரி லேட் பண்ண மாட்டேன்."

சிரித்துவிட்டேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். வாசலைத் தாண்டிக் கால் வைத்தபின் திரும்பி, அதே சிரிப்போடு பதில் சொன்னேன்.

"செத்தா செத்துக்கோ. ஒரு பாயிண்ட்தான, எடுத்துக்கிடலாம்."

அவள் சொன்னது கதவுக்கு உள்ளே. நான் சொன்னது வெளியே. என் கால் வெளியே பட்டதும் சாட்சி திறந்துகொண்டது. செண்பகா அறுவை மேசையிலேயே இறந்தாள். எனக்குச் செய்தி வருவதற்கு முன்பே என் சிரிப்பை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டார்கள்.

விளக்கம் சொன்னேன். அறைக்குள் நடந்ததற்குப் பதிவு கிடையாது, என் வாய்ச்சொல்தான். விளக்கத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். தயாரித்துப் பேசுகிறான் என்றார்கள். எங்கள் கேப்டன் அந்தோணி ஒளிபரப்பில் வந்து, செத்தான் என்றால் கபடியில் என்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொன்னான். சாகக் கிடப்பவளிடம் கபடி பாஷை பேசுவானா ஒருத்தன் என்று கேட்டார்கள். அவன் எண்ணும் சரிந்தது. அதற்குமேல் பேச வேண்டாம் என்று அணி அவனைத் தடுத்துவிட்டது.

நான் அழவும் இல்லை. ஏன் என்று தெரியாது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஐஸ் பெட்டிக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அதுவும் ஒளிபரப்பானது. மறுநாள் வீட்டுச் சுவரில் செத்தா செத்துக்கோ என்று தாரால் எழுதியிருந்தது. நான் அதை அழிக்கவில்லை. அழித்திருந்தாலும் குறைத்திருப்பார்கள்.

லீக்கின் நடத்தை அலுவலர் மீனலோசனி சென்னையிலிருந்து வந்தார். நாலுக்குக் கீழே போனவனுக்கு மீட்பு ஆட்டம் என்று இரண்டு தருவார்கள். இரண்டாவது முடியும்போது எண் நாலைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வேறு எந்த அணியிலும் ஆட முடியாது. இதைச் சொல்லிவிட்டு, அழ முடியுமா என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

"கண்ணீர்தான் வேணும்னு இல்ல, இசக்கிராஜ். குரல் கொஞ்சம் உடைஞ்சாப் போதும். மிச்சத்தை ஜனங்களே போட்டுக்குவாங்க."

கபடி போனால் வேறு வேலை கிடைக்கும். படித்திருக்கிறேன். ஆனால் கோட்டைத் தாண்டிப் பாடப் போகும்போது மட்டும் நான் கபடி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. சொன்னால் அவுட். அந்த ஒரு மூச்சு முடியும்வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. எனக்கு மிச்சமிருந்தது அதுதான்.

முதல் மீட்பு ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. நான் உள்ளே வந்ததும் கேலரி தாளம் போட்டுப் பாடியது. செத்தா செத்துக்கோ, செத்தா செத்துக்கோ. எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கிற மூலைக்காரன்கூட வாய்க்குள் முணுமுணுத்தான். பாடப் போனேன். கணுக்காலைப் பிடித்து மடக்கினார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அடுத்து அந்தோணி போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பாயிண்ட்.

"எந்திரில," என்றான். "ஒனக்கு உயிர் வந்துட்டு."

ஒரு பாயிண்ட் எடுத்தாயிற்று. நான் வீரர்கள் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நடுவர் விசில் ஊதினார். இரண்டாவது முறையும் ஊதினார். கால் எழவில்லை. தாமதத்துக்காக எதிரணிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தார்கள். பாட்டு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. தும்பிகள் என் முகத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன. அந்தோணி வந்து கையைப் பிடித்து எழுப்பினான். ஆட்டம் முடியும்போது என் முதுகில் 7.8.

மறுநாள் டீக்கடைக்காரர் கிளாசைக் கையில் கொடுத்தார். "மதினிய நெனச்சிட்டியல்லா, அண்ணாச்சி," என்றார். முந்தின வாரத்துக் குப்பைக்கூடை அதே இடத்தில்தான் இருந்தது. ஊரெங்கும் ஆட்கள் பேருந்து நிறுத்தத்திலும் அலுவலகத்திலும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்து படமெடுத்துப் போட்டார்கள். அதற்கு இசக்கி இருக்கை என்று பெயரும் வைத்தார்கள். யார் நன்றாக உட்கார்ந்தார்கள் என்று போட்டிவேறு நடந்தது. என் வீட்டுச் சுவரை இரவோடு இரவாக யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

மீனலோசனி போனில் பேசினார். குரலில் மகிழ்ச்சி இருந்தது.

"அடுத்த ஆட்டத்துலயும் அதே மாதிரி உட்காருங்க. இவ்வளவு நேரம் வேண்டாம், பாயிண்ட் போகுது. கொஞ்சம் இடது பக்கம் திரும்பினா வெளிச்சம் நல்லா விழும்."

"நான் நடிக்கல, மேடம்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஏறின எண் இறங்கும்போது ரெண்டு மடங்கு வேகத்தில் இறங்கும் என்றார். ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பார்களாம்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அந்தோணி என் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டிப்பட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். அவனுக்கு என்னை விட்டால் பாடப் போக நல்ல ஆள் கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரே ஒரு மட்டம் உக்காந்துட்டு வால. மதினி தப்பா நெனைக்க மாட்டா."

அவன் சொன்னது உண்மைதான். அவள் தப்பாக நினைக்க மாட்டாள். சிரிப்பாள்.

கேலரி நிறைந்திருந்தது. நான் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்கள். நான் பாடித் தொட்டு வந்த பாயிண்ட்களுக்கு யாரும் சத்தம் போடவில்லை. நான் எப்போது சாவேன் என்று காத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பிடிபட்டேன். அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். விளக்கை ஏற்கெனவே இடது பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். தும்பிகள் இறங்கி வந்தன. அந்தோணி பாடப் போனான். அவன் கையை நீட்டி ஒருவனின் தோளைத் தொட்டதை நான் பார்த்தேன். அவன் கோட்டுக்குத் திரும்புவதற்குள் என் கண், நான் சொல்லாமலே, வாசலுக்குப் போய்விட்டது. இந்த முறை அழுகையும் வந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் அதை எல்லோருக்கும் கொடுத்திருப்பேன்.

"எந்திரில. உயிர் வந்துட்டு."

அந்தோணி மெதுவாகத்தான் சொன்னான். நான் இன்னும் கொஞ்சம் உட்கார இடம் கொடுத்துச் சொன்னான்.

எழுந்தேன். இதுவரை எந்த ஆட்டத்திலும் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. ஒரே எட்டில் களத்துக்குள் நின்றேன். நடுவர் அப்போதுதான் கையைத் தூக்கினார்.

கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. பிறகு ஒரு மூலையிலிருந்து ஊளை கிளம்பியது. அது சுற்றி வந்து என்னை அடைந்தபோது பழைய பாட்டாக மாறியிருந்தது. செத்தா செத்துக்கோ. தண்ணீர் பாட்டில் ஒன்று என் காலருகே வந்து விழுந்தது. என் முதுகை என்னால் பார்க்க முடியாது. பின்னால் நின்ற எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். அவர்கள் முகம் நொடிக்கு நொடி வாடியதில் எண் எங்கே போகிறது என்று தெரிந்தது. நாலுக்குக் கீழே போயிருக்க வேண்டும். எங்கள் மூலைக்காரன் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அந்தோணி என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு கேப்டனாகத் தலையை ஆட்டினான்.

"நீ பாடு."

தொண்டையில் நின்றதை உள்ளே தள்ளி, அதன்மேல் மூச்சை இழுத்துக்கொண்டேன். கபடி என்று தொடங்கிக் கோட்டைத் தாண்டினேன். திரும்பி வரும்வரை யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.