வெள்ளைப் பக்கம்

டப்பாவைத் திறந்தபோது எல்லா அட்டைகளும் படப்பக்கம் மேலாக இருந்தன.

குந்தோரோவுக்கு முதலில் அது விசித்திரமாகப் படவில்லை. பதினொரு வயதில் அவனே அப்படி அடுக்கி வைத்திருக்கலாம். நாளைக் காலை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து கடைசியாக வந்தது இந்தத் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. தீப்பெட்டி அளவு அட்டைகள், ஒரு பக்கம் முகமூடி வீரர்களும் குதிரைகளும், மறுபக்கம் வெறும் வெள்ளை. எண்ணினான். இருநூற்றுப் பதினாறு. சரிபாதியை வெள்ளைப் பக்கம் மேலாகக் கவிழ்த்து, மூடி வைத்துவிட்டு, துணி மூட்டையைக் கட்டினான். திரும்ப வந்து திறந்தபோது எல்லாமே படப்பக்கம் மேலாக இருந்தன.

கவிழ்த்தோமா, கவிழ்க்க நினைத்தோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. மீண்டும் ஒவ்வொன்றாக எண்ணிக் கவிழ்த்து நூற்றெட்டு என்று காகிதத்தில் எழுதிக்கொண்டான். வெளியே கரும்புக் காட்டின் மேல் மழை இறங்கியது. ஈர மண் வாசனையோடு இன்னொரு வாசனையும் அறைக்குள் வந்தது. வாய்க்கால் பாசி, நனைந்த சிமெண்டு.

கிளாட்டன் ஊர்ப் பையன்கள் எல்லோரும் ஆடிய ஆட்டம்தான். ஆளுக்கு ஓர் அட்டையை ஒரே நேரத்தில் மேலே எறிய வேண்டும். யாருடையது படத்தைக் காட்டிக்கொண்டு விழுகிறதோ அவன் ஜெயித்தான். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் மறுபடி. குந்தோரோ தோற்றதே இல்லை. இரண்டு குதிரை அட்டைகளைச் சோற்றுப் பருக்கையால் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தான். எப்படி விழுந்தாலும் குதிரைதான்.

எட்டு வயதுத் தம்பி சப்தோ தன் அட்டைகள் எல்லாவற்றையும் அதனிடம் இழந்தான். கடைசி ஆட்டத்துக்குப் பந்தயம் வைக்க அவனிடம் எதுவும் இல்லை. தோற்றவன் சாலைக்கு அடியில் ஓடும் மதகுக் குழாய்க்குள் தவழ்ந்து அந்தப் பக்கம் வர வேண்டும் என்று குந்தோரோதான் சொன்னான். தோற்ற பிறகு சப்தோ அழவில்லை. கையை மட்டும் நீட்டினான். "உன் அட்டையைக் காட்டுண்ணே." குந்தோரோ கையை இறுக மூடிக்கொண்டான். சப்தோ குழாய்க்குள் போனான். அன்று மாலை மதகைத் திறந்து கரும்புக்குத் தண்ணீர் விடும் முறை.

குந்தோரோ யாரிடமும் சொல்லவில்லை. தம்பியின் அடக்கம் முடிந்த மறுநாள் குதிரை அட்டையை அதே வாய்க்காலில் எறிந்தான்.

இப்போது டப்பாவை மறுபடி திறந்தான். எல்லாம் படப்பக்கம் மேலே. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குதிரை. அட்டை நனைந்திருந்தது. பசை மட்டும் விடவில்லை.

வாசலில் அம்மா நின்றாள். திங்கள்கிழமை, இன்றும் நோன்பு. இருபது வருடமாகத் திங்களும் வியாழனும் சப்தோவுக்காக நோன்பு இருக்கிறாள். டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"சப்தோ ஜெயிச்சதெல்லாம் தானே? கெட்டிக்காரப் பய."

அவன் நனைந்த குதிரையை உள்ளங்கையால் மறைத்தான்.

"அன்னிக்கு யூனிபார்ம்ல சேறுன்னு நாலு சாத்து சாத்தினேன். வீட்டுப் பக்கமே வராதேன்னேன். அதனாலதான் அந்தக் குழாய்க்குள்ளே போய் ஒளிஞ்சான்." அவள் கதவு நிலையைத் தடவினாள். "வீட்டை வித்துட்டோமே, அவன் வந்தா எங்கேடா தேடுவான்?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். அது நாக்கின் நுனி வரை வந்தது.

"விதிம்மா," என்றான் குந்தோரோ, எப்போதும் சொல்வதுபோல.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவள் இரண்டு வாய் இனிப்புத் தேநீர் குடித்து நோன்பை முடித்துவிட்டு, பக்கத்து அறைக்குத் தொழப் போனாள். கம்பளம் விரிக்கும் சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து, தரையில் ஓர் அட்டை விழும் சத்தம்.

தட்.

எட்டிப் பார்த்தான். வெள்ளைப் பக்கம் மேலே. சுற்றிலும் ஈரம். அட்டை காத்திருந்தது.

"போடுண்ணே."

மெல்லிய குரல். குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் முழக்கம்.

அவன் அசையவில்லை. பக்கத்து அறையில் அம்மாவின் முணுமுணுப்பு, சீராக.

"நீ வரலேன்னா, அம்மாவ ஆடக் கூப்பிடட்டுமா?"

கை தானாகக் குதிரை அட்டையை எடுத்தது. தோற்காத அட்டை. இரு பக்கமும் குதிரை. எறிந்தான். விளக்கொளியில் சுழன்றது. விழுந்தது.

வெள்ளை.

நடக்காது. குனிந்து புரட்டினான். அந்தப் பக்கமும் வெள்ளை. மறுபடி புரட்டினான். வெள்ளை. நகத்தால் ஓரத்தைக் கிளறினான். உள்ளே, ஒன்றையொன்று முகத்தோடு முகம் அழுத்தியபடி, இரண்டு குதிரைகள்.

கட்டிலுக்கு அடியில் காத்திருந்த அட்டை தானாகப் புரண்டது. படம் மேலே.

கட்டிலுக்கு அடியில் இருந்த இருட்டு வட்டமாக இருந்தது. அதற்குச் சிமெண்டு விளிம்பு இருந்தது. பாசி இருந்தது. வெகுதூரத்தில், உள்ளே, மதகின் இரும்புச் சக்கரத்தை யாரோ சுற்றத் தொடங்கினார்கள்.

வட்டத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கை, மேல்நோக்கி விரிந்து, அவன் மூடிய கைக்கு எதிரே நின்றது.

"காட்டுண்ணே."