நர்ஸக்காவின் கர்சர்

"ஐயோ...!"

டிசைனர் அண்ணன் போட்ட அலறலில் மேஜை மேலிருந்த டீ கவிழ்ந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பயிற்சிப் பெண் திரும்பினாள். அந்தக் கிறிஸ்தவ மிஷன் அலுவலகத்தின் டிசைன் பிரிவில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லோருக்கும் அவள் 'கத்துக்குட்டி'.

"என்னண்ணா?"

"ஸ்க்ரீனைப் பாரும்மா... கர்சரைப் பாரு!"

திரையில், மாலை அஞ்சலிக் கூட்டத்துக்கான போஸ்டர். நடுவில் ஒரு பெண்ணின் படம். படத்தின் மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி மெல்ல ஊர்ந்தது. அதன் வாலில், இணையம் வழியே ஃபைலுக்குள் வந்திருப்பவரின் பெயர்.

நர்ஸக்கா.

"செத்துப் போனவங்க ஐடி எப்படிம்மா உள்ள வரும்?"

போஸ்டரே அந்த நர்ஸக்காவுக்குத்தான்! தொலைதூரப் பணித்தளத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். படகு கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டாள் என்றார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மிஷனில் ஒரு வழக்கம். பணித்தள ஊழியர்களின் சொந்தப் பெயர், குடும்பம் எதையும் அலுவலகத்தில் எழுதி வைப்பதில்லை. ஆபத்தான இடங்களில் வேலை ஆயிற்றே! மிஷன் பத்திரிகையில் படம் வந்தால் முகத்தை மங்கலாக்கி விடுவார்கள். சரியாக மறைந்திருக்கிறதா என்று அந்த ஊழியரே தன் ஐடியில் உள்ளே வந்து பார்த்துக்கொள்வார்.

செத்த பிறகுதான் முகம் தெரியும்!

கத்துக்குட்டி காலையில்தான் அந்த மங்கலை நீக்கியிருந்தாள். இப்போது...

முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி மங்கியது.

"மறைக்கிறாங்க... தன் மூஞ்சியத் தானே மறைக்கிறாங்க!" அண்ணனுக்கு ஏசியிலும் வியர்த்தது. "அப்படின்னா... சாகலையா?"

அவள் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீயைத் துடைத்தாள்.

கதவு திறந்தது.

இயக்குநர் ஐயா! பணித்தளங்களுக்கெல்லாம் தலைவர். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"ஏன் இன்னும் முகத்த மூடி வெச்சிருக்கீங்க?"

"நாங்க மூடலீங்க ஐயா..." அண்ணன் எச்சில் விழுங்கினார். "நர்ஸக்காவே வந்து... மூடிட்டாங்க."

ஐயாவின் முகம் ஒரு கணம் வெளிறியது.

"நெட்டு கோளாறு! படிச்சவங்கதானே நீங்க? பேய் பிசாசுன்னு உளறிக்கிட்டு!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "விடுங்க ஐயா. இன்னிக்குக் கூட்டம் முடியட்டும். விபத்துன்னு எழுதி நாளைக்கு ஃபைல மூடிடறேன்."

கத்துக்குட்டி டீ துடைத்த துணியைக் கீழே வைத்தாள். மூடினால் மூடினதுதான். ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை.

"அன்னிக்கு அவங்க கூட யாருமே இல்லையா சார்?"

"ஒருத்தரும் இல்லம்மா."

"நானே அந்தப் பக்கம் போய் வருஷமாச்சு," என்றார் ஐயா அவசரமாக. பிறகு அண்ணனிடம், "கூட்டத்துல ஃபைலயே திறந்து வைங்க. கடைசி நேரத்துல ரெண்டு திருத்தம் சொல்வேன்."

சொல்வார். ஜெபம் ஆரம்பித்த பிறகும் எழுத்தைப் பெரிசாக்கச் சொல்கிற மனுஷன் அவர்!

*

அரங்கம் நிறைந்திருந்தது. மேடைத் திரையில் போஸ்டர். மங்கலை மறுபடி நீக்கியிருந்தார்கள். முதன்முதலாக எல்லோரும் நர்ஸக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். சிரித்த முகம்... சின்ன முகம். பெண்கள் விசும்பினார்கள்.

ஐயா மைக்கைப் பிடித்தார்.

"நம் அன்புச் சகோதரி இன்று நம்மோடு இல்லை..."

திரையின் மூலையில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

கர்சர்!

யாரோ வீல் என்று கத்தினார்கள். லேப்டாப் அருகே இருந்த அண்ணன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "நான் தொடல! சத்தியமா நான் தொடல!"

படத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

'ஐயா...'

ஐயா திரும்பிப் பார்த்தார்.

'நான் மேலே வந்துட்டேன்.'

"நெட்டு... நெட்டு கோளாறு! ஆஃப் பண்ணுங்க!"

'தண்ணி ரொம்பக் குளிர்ந்துது ஐயா. ஆனா மேலே வந்துட்டேன்.'

"பொய்!" ஐயா அலறினார். "எப்படி வருவா? கால்ல அவ்ளோ பெரிய கல்லு..."

நின்றார்.

மைக் அணைக்கப்படவில்லை. 'கல்லு' என்ற சொல் அரங்கத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"எந்தக் கல்லு ஐயா?"

*

"நர்ஸ் எங்க?" இன்ஸ்பெக்டர் பரபரத்தார். "எங்க இருந்து டைப் பண்றாங்க? உடனே பாதுகாப்பு கொடுக்கணும்!"

பக்கவாட்டு நாற்காலியிலிருந்து கத்துக்குட்டி எழுந்தாள். கையில் போன். கன்னமெல்லாம் ஈரம்.

"நான்தான் சார். ஆபீஸ்ல அக்கா மூஞ்சிய மறைச்சதும் நான்தான். அவங்களுக்கு அந்த ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் முன்னாடி போட்டுக் கொடுத்ததே நான்தான்."

"நீ யாரும்மா?"

"கூடப் பிறந்த தங்கச்சி. கடைசியா போன்ல பேசினப்ப, 'ஐயா அனுப்பற மருந்தெல்லாம் போலிடி, இன்னிக்கு அவரே இங்க வராரு, நேர்லயே கேக்கப் போறேன்'னு சொன்னா. அதுக்கப்புறம் குரலே இல்ல. என் பேச்ச மட்டும் வெச்சு யார் நம்புவாங்க? அதான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன். குடும்பத்தப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும்."

"அப்ப... அக்கா?"

"மேல வரல சார். வந்திருந்தா நான் ஏன் எழுதப் போறேன்?"

அவள் உடைந்து அழுதாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அண்ணன் அவள் தோளைத் தொட்டார்.

வாசலில் கேமராக்கள் மின்னின. போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஐயா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு போனார்.

கத்துக்குட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணா... அடுத்த இதழ்ல ஐயா படம் போடணுமே. ப்ளர் பண்ணணுமா?"

"எதுக்கு?" என்றார் அண்ணன். "இந்த மூஞ்சிய மட்டும் நல்லா பளிச்சுனு போடு. அட்டையிலயே போடு!"