தரைக்கு அடியில் தட்டியது யார்?

நீதிபதி அசாகெல் பெல்லுக்கு நிலையான நீதிமன்றம் கிடையாது. வெர்மான்ட் மாநிலம் முழுக்கக் குதிரையில் ஊர் ஊராகப் போவார். அன்றைக்கு எந்தக் கூடம் கிடைக்கிறதோ அதுதான் உயர் நீதிமன்றம். மனைவி இறந்த பிறகு, பத்து வயது மகள் கெஸாயாவும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அதே குதிரையில் வந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சதுப்புநில ஊருக்கு வந்தார்கள். நண்பகலிலும் மூடுபனி விலகவில்லை. மரத்தாலான பழைய தேவாலயத்தில் விசாரணை தொடங்கியது.

ஈனஸ் என்ற விவசாயியை ஒன்பது நாட்களாகக் காணவில்லை. வேலித் தகராறில் பக்கத்து வீட்டு டார்கஸ்தான் அவரைக் கொன்று சதுப்பில் தள்ளினாள் என்பது வழக்கு.

எழுத்தர் எழுந்து, “காணாமல் போனவர் ஈனஸ்” என்று வாசித்தார்.

டொக். டொக். டொக்.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. எழுத்தர் தயங்கித் தயங்கி மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார்.

டொக். டொக். டொக்.

“செத்தவனே வந்து சாட்சி சொல்றான், ஐயா. இனி என்ன விசாரணை?” என்றார் ஜூரிகளின் தலைவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். டார்கஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. நீதிபதி பேனாவை மையில் தோய்த்தார்.

கெஸாயாவுக்கும் முதுகு சில்லிட்டது. ஆனால் தட்டல் நின்ற பிறகு மெல்லிய முனகல் ஒன்று அவள் காதில் விழுந்தது. யாரோ அழுகிறார்கள். அவள் ஓசைப்படாமல் வெளியே நழுவினாள்.

கட்டடத்தின் பின்புறம் அடித்தளக் கல் ஒன்று பெயர்ந்திருந்தது. அந்த இடைவெளி வழியே ஊர்ந்து உள்ளே போனாள். கும்மிருட்டு. அழுகின இலையின் வாடை.

“ஈனஸ்?” என்று மெல்லக் கூப்பிட்டாள்.

டொக்! காதருகிலேயே கேட்டது. இரண்டு மஞ்சள் கண்கள் அவளைப் பார்த்தன. வெதுவெதுப்பாக ஏதோ அவள் கையை நக்கியது.

நாய்! எசமானின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அதன் வால் மேலே இருந்த பலகையில் அடித்தது.

கெஸாயா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜூரிகளின் தலைவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நாயாகவே இருக்கட்டும், ஆள் செத்தது செத்ததுதானே என்று முணுமுணுத்தார்.

“இதோட கால்ல கட்டுப் போட்டிருக்கு. ரத்தம் இன்னும் காயல, நேத்துப் பட்ட காயம் மாதிரி இருக்கு. செத்தவங்க கட்டுப் போடுவாங்களாப்பா?” என்று கேட்டாள் கெஸாயா.

“அந்தக் கட்டம் போட்ட துணி ஈனஸோட சட்டைதான்” என்றாள் டார்கஸ்.

நீதிபதி விசாரணையை நிறுத்தினார். நொண்டி நொண்டி நாய் முன்னே நடக்க, ஊரே பனிக்குள் பின்தொடர்ந்தது. சதுப்பின் மறுகரையில் பாழடைந்த வேட்டைக் குடிசை ஒன்றில், பனியில் வழிதவறி விழுந்து கால் முறிந்து கிடந்தார் ஈனஸ். கூரையில் ஒழுகிய மழைநீரைக் குடித்து, உயிரோடுதான்.

முதலில் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவள் டார்கஸ்.

மாலையில் தந்தையும் மகளும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள்.

“நானும் நம்பிட்டேன், கெஸாயா. தீர்ப்பே எழுத இருந்தேன்” என்றார் நீதிபதி, பாதி வழியில்.

“எனக்கும் பயமாத்தான் இருந்திச்சுப்பா. ஆனா அது அழுதிச்சே.”

அவர் தன் மேலங்கியைக் கழற்றி, பின்பக்கமாகக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு, அவர் முதுகில் சாய்ந்து, அடுத்த மைல்கல் வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.