இருட்டை அளந்த மதியம்

விளக்கை அணைத்தால் சத்தம் அடங்க வேண்டும். அணைத்த பிறகுதான் கூடியது.

ஒளியின் ஒற்றைத் துகள் ஒன்று டிடெக்டரின் கண்ணில் விழும்போதெல்லாம் மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கர் டிக் என்று ஒரு தட்டுத் தட்டும். கும்மிருட்டிலும் கருவி தானாகவே எப்போதாவது ஒன்றிரண்டு தட்டும், அது அதன் பிறவிக் குணம். ஆனால் இதுவோ வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. இருட்டறைக்குள் தனியாக இருந்த ரஃபியாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கதவுக்கு வெளியே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் பிரிட்டோ குரல் கொடுத்தார். "எங்கிட்டோ வெளிச்சம் கசியுது மேடம். செத்த நல்லாத் தேடிப் பாருங்க."

"இன்னும் எம்புட்டுத்தான் சார் தேடுறது?"

மற்றவர்களெல்லாம் முடித்துவிட்டு பிரியாணிக் கடைக்குப் போயாயிற்று. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் கல்லூரியில் புது ஆய்வகம் அவள் கைக்கு வரும். இல்லையென்றால் தற்காலிக வேலையும் போய் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். ஒரு அறையை இருட்டாக்கத் தெரியாதவள் வெளிச்சத்தை அளந்து கிழிப்பாளாக்கும் என்று முதல்வர் கேட்கமாட்டாரா?

அவள் செய்யாதது என்ன பாக்கி? ஏசியின் பச்சைப் புள்ளிமேல் கறுப்பு டேப் ஒட்டினாள். கைபேசியை வெளியே வைத்தாள். அத்தாவின் தோல் மண்டியிலிருந்து கறுப்புத் தோல் கொண்டுவந்து கதவிடுக்கை அடைத்தாள். அதன் வாடை காற்றோட்டமில்லாத அறையெங்கும் மண்டித் தொண்டையைப் பிடித்தது. அணைத்த பிறகும் டியூப்லைட் மினுங்குகிறதோ என்று அதையும் கழற்றி வெளியே கொடுத்தாள். பியூன் ஒருதடவை கதவைத் திறந்து காரியத்தைக் கெடுத்ததும் வந்த எரிச்சலில், "பேர்போன நம்மூரு பூட்டாப் பெருசாப் போட்டுப் பூட்டுங்க சார். ரீடிங் முடியுற வரைக்கும் நானே கெஞ்சுனாலும் தொறக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

கசிவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று மிச்சமிருந்தது. டிடெக்டருக்கு முன்னால் உள்ளங்கையை ஒவ்வொரு பக்கமாகப் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கத்தை மறைத்தால் சத்தம் குறைகிறதோ, வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வருகிறது.

கதவுப் பக்கம் பிடித்தாள். குறையவில்லை. ஜன்னல் பக்கம். குறையவில்லை. மூலைப் பக்கம் பிடித்தாள். சட்டென்று அடங்கியது. அங்கே ஜன்னல் இல்லை, பிளக் இல்லை, வெறும் சுவர்தான்.

கையை எடுத்தாள். சத்தம் ஏறியது, இறங்கியது, ஏறியது. மூச்சு விடுகிற சீரில்.

மறுபடி மறைத்தாள். இப்போது மூலைப் பக்கம் குறையவில்லை. மேசைக்கு நேரெதிரே குறைந்தது.

நகர்ந்திருக்கிறது.

"யாரு?"

இருட்டறைக்குள் நுழைகிறவர்கள் பேர் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும், அங்கே அதுதான் சட்டம். யாரும் பேர் சொல்லவில்லை. ரஃபியா இரண்டு கைகளையும் இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

டிக்.

வெகு நேரம் கழித்து, டிக்.

"ஆகா! எறங்கிருச்சு மேடம்!" பிரிட்டோ வெளியே துள்ளினார். "இதத்தான கேட்டேன். டிடெக்டரக் கையால மூடலையே?"

"சார், தொறங்க."

"இப்ப வெளிச்சம் பட்டா ரீடிங் கெட்டுரும். கெஞ்சுனாலும் தொறக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" சிரித்தார். "அசையாம இருங்க. பாஸாகப் போறீங்க."

கதவில் அடைத்த தோல்தான் நழுவி டிடெக்டர்மேல் விழுந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். யா அல்லாஹ், அப்படியே இருக்கட்டும். ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

தோல்தான்.

சூடாக இருந்தது. விரல் மெல்ல அதன் ஓரம்வரை போனது.

நகம் தட்டுப்பட்டது.