ஐந்து புள்ளிகளும் அடம்பிடித்த கையுறையும்

மருந்து ஆய்வகத்தின் பெண் ஆய்வாளர் ஒருவர் மழையில் நனைந்தபடி வந்து நின்றார். மாலை விசாரணையில் தன் வேலை போய்விடும், பொய்க்காரி என்ற பட்டமும் கூடவே வரும் என்றார். துப்பறிவதே பிழைப்பான அண்ணி பதறாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பதறியதெல்லாம் அவருடைய கொழுந்தன்தான். துப்பு என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். அன்றும் பைக்கில் அரக்கப்பரக்க வந்தவன், ஒரு கைக்கு மட்டும் உறை மாட்டியிருந்தான். இன்னொன்று மாட்டமாட்டேன் என்று அடம்பிடித்ததாம்.

விஷயம் இதுதான். ஒரு கிருமியின் புரதத்தில் மருந்து போய் உட்காரும் குழி ஒன்று உண்டு. அந்தக் குழியின் ஐந்து அணுக்களைப் புள்ளிகளாக வைத்து, அதே அமைப்பை வேறு புரதங்களில் கணினியால் தேடுவது ஆய்வாளரின் வேலை. புதிய புரதம் ஒன்றில் அச்சு அசலாகப் பொருந்தியது. நம்பி மருந்தைப் போட்டுப் பார்த்தால் ஒட்டவே இல்லை. எண்களை அவரே ஜோடித்துவிட்டார் என்று ஆய்வகத்தின் இயக்குநர் முடிவுகட்டிவிட்டார்.

சோதனைச்சாலையில் யாரோ குப்பியை மாற்றிவிட்டார்கள் என்று கொழுந்தன் துள்ளினான். மூன்று பேர் தனித்தனியாகச் சோதித்தும் அதே கதைதான் என்று ஆய்வாளர் சொன்னதும் அவன் முகம் சுண்டிப்போனது.

"பொருந்துதுன்னு கணினி எதை வச்சும்மா சொல்லுது?" என்று அண்ணி கேட்டார்.

"புள்ளிக்குப் புள்ளி தூரத்தை அளக்கும், மேடம். எல்லா தூரமும் ஒத்துப்போனா பொருத்தம். அந்த நிரலை எழுதுனதே எங்க இயக்குநர்தான்."

அண்ணி கொழுந்தனின் கையுறைகளை வாங்கிப் பார்த்தார். இரண்டு ஜோடியிலிருந்து எடுத்த இரண்டுமே இடக்கை உறைகள். அவன் அசடு வழிந்தான். அண்ணியோ அவற்றைப் பத்திரமாகத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலை விசாரணையில், அண்ணி அவற்றில் ஒன்றை வலக்கையில் மாட்டும்படி இயக்குநரிடம் கொடுத்தார். விரல் முட்டியைக் காக்கும் பட்டை உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"விரலுக்கு விரல் அளந்தா ரெண்டு கையும் ஒண்ணுதான், சார். ஆனா இதோட உறை அதுக்கு உதவாது. புதுக் குழி பழைய குழியோட கண்ணாடி பிம்பம். தூரத்தை மட்டும் அளக்குற நிரலுக்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது."

இயக்குநர் நம்பவில்லை. ஆய்வாளர் இரு குழிகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மூன்று புள்ளிகள் கச்சிதமாக உட்கார்ந்தன. மற்ற இரண்டும், எப்படித் திருப்பினாலும், எதிர்ப்பக்கமே நின்றன.

இயக்குநர் தானும் ஒருமுறை குழியைத் திருப்பிப் பார்த்தார்; பொருந்தவில்லை. "நிரலைத் திருத்திக் குடுத்துடும்மா," என்றார் கடைசியில்.

"குடுக்குறேன், சார். நான் பொய்க்காரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, முதல்ல அதை நீங்க திருத்துங்க."

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இயக்குநர் எழுந்து, கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.