சுவரில் ஏறிய வெளிச்சம்

பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது பிக்கப் வண்டிக்குத் தெரியாது. ஓட்டுகிறவருக்கும் பாதிதான் தெரியும். அதனால் அம்மா தினமும் இருட்டிய பிறகு வண்டியைப் பின்பக்கமாகச் சந்துக்குள் கொண்டுவரும்போது, மகள் டார்ச்சு கையில் டார்ச் விளக்கோடு பின்னால் நின்று வழி சொல்லுவாள்.

டார்ச்சு என்பது மாமா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் சந்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அம்மா கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். காலையில் தண்ணீர் நிலையத்துக்குப் போய் நிறைந்த கேன்களை ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் காலி கேன்கள் டொக்டொக்கென்று ஆட, வீடு திரும்புவார்.

சந்து ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாக்கடை. உள்ளே வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. அதனால் வரும்போதே பின்பக்கமாக வந்துவிட வேண்டும். அப்போதுதான் காலையில் நேராகக் கிளம்பலாம்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்டு... வரலாம்... போதும்."

இப்படித்தான் எல்லா நாளும் நடந்தது. போன வாரம் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்துவிட்டது. வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்த டார்ச்சு ஒரு செங்கல் தடுக்கி உட்கார்ந்துவிட்டாள். டார்ச் உருண்டு சாக்கடைக்குள் போனது. வெளிச்சம் காணாமல் போனதைக் கண்ணாடியில் பார்த்த அம்மா சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

பம்பருக்கும் டார்ச்சுவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பிறகு இறங்கி வந்து, டார்ச்சுவின் பாவாடையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"இனிமே வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. நீயும்தான்."

"அப்போ உனக்கு யாரும்மா வழி சொல்றது?"

"பாத்துக்கலாம்."

மறுநாள் அம்மா பார்த்துக்கொண்டதில், ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது. சந்தே கூடித் தூக்கியது. பிரதான சாலையில் நிறுத்தலாம் என்றால், போன வருடம் அங்கே நிறுத்தியபோது யாரோ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"தம்பிக்கு ஒரு போன் போடு" என்றார் அம்மா.

தம்பி என்றால் மாமா. வண்டிகளுக்கு மின்வேலை செய்கிறவர். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். அவர் வந்தால் சந்தின் அகலம் இன்னும் குறையும்.

மாமா வந்த அன்று அம்மா வழக்கத்துக்கு மாறாகப் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில் தண்ணீர் நிலையத்தில் தொட்டி கழுவுகிறார்கள். அதனால் மறுநாளுக்கு வேண்டிய கேன்களை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அத்தனையும் நிறைந்த கேன்கள்.

மாமா குனிந்து வண்டியின் பின்விளக்கைத் துடைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது விளக்கா? மின்மினிப் பூச்சியே இதவிட நல்லா எரியும்."

"பேச்சக் கொறச்சுட்டு வேலையப் பாருடா."

மாமா பையிலிருந்து இரண்டு எல்இடி விளக்குகளை எடுத்தார். ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டி அளவுதான். பம்பரில் துளை போட்டு, ஒன்றை இந்த ஓரத்திலும் மற்றதை அந்த ஓரத்திலும் பொருத்தினார். டார்ச்சு வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்து, கால் பெருவிரலால் தரையில் கோடு போட்டபடி வேடிக்கை பார்த்தாள்.

"நாம பின்னாடி போறோம்னு இந்த விளக்குக்கு எப்படி மாமா தெரியும்?"

"நல்லாக் கேட்ட. உங்கம்மா ரிவர்ஸ் கியர் போட்டதும் கியர் பெட்டியில ஒரு குட்டி சுவிட்ச் அமுங்கும். அமுங்கினா பழைய பல்பு எரியும்."

"அந்த பல்புக்குப் போற வயர்லயே இதையும் மாட்டிடலாமே."

"மாட்டலாம். ஆனா அது ஒல்லி வயர். ஒரு பல்பைத் தூக்கத்தான் அதுக்குத் தெம்பு. மேல ரெண்டு பேரு ஏறி உக்காந்தா சூடாயிடும்." மாமா தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார். "அதுக்குத்தான் இது. பேரு ரிலே. ஒல்லி வயர் இதுகிட்ட வந்து 'ரிவர்ஸ் போட்டாச்சு'ன்னு சேதி மட்டும் சொல்லும். உடனே இது உள்ள இருக்கற கதவை டக்குன்னு மூடும். பேட்டரியிலேருந்து தடி வயர்ல வர்ற கரண்டு விளக்குக்குப் போயிடும்."

"கதவை மூடினா எப்படிப் போகும்? திறந்தாத்தானே போகும்?"

மாமா ஸ்பானரால் தலையைச் சொறிந்தார். "கரண்டுக்கு எல்லாம் தலைகீழ். நடுவுல இடைவெளி இருந்தா அது தாண்டாது. ரெண்டு முனையும் ஒட்டினாத்தான் நடக்கும். கதவுன்னு சொன்னது என் தப்பு. பாலம்னு வச்சுக்கோ."

பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸையும் போட்டார். எங்காவது வயர் உரசிக் கோளாறு வந்தால், வண்டியைக் காப்பாற்ற அது முதலில் உயிரை விட்டுவிடும்.

இருட்டும்போது வேலை முடிந்தது. அம்மா ரிவர்ஸ் கியரைப் போட்டார். உள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். சந்து முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. டார்ச்சு தடுக்கி விழுந்த செங்கல்கூடத் தெரிந்தது.

சந்தின் முடிவில் கடைசி வீட்டுச் சுவர். அதில் ஒரே ஒரு ஜன்னல். அந்த வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. காற்றுக்காக ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். மாமா விளக்குகளை மெல்லச் சாய்த்து, வெளிச்சம் ஜன்னலுக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி செய்தார்.

"உள்ள வருதாம்மா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லக்கா, சரியா இருக்கு" என்றார் அந்த அக்கா.

மாமா போல்ட்டுகளை இறுக்கினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்புப் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுத்தார். "போல்ட்டு துளி அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். டார்ச்சு, உன் வேலைய நான் பறிச்சுட்டேன். கோவமா?"

"இல்ல" என்றாள் டார்ச்சு. கொஞ்சம் கோபம்தான்.

மறுநாள் இருட்டிய பிறகு அம்மா வந்தார். டார்ச்சு வாசற்படியில் நின்று பார்த்தாள். வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்தது. வெளிச்சம் கடைசி வீட்டுச் சுவரில் விழுந்தது. ஜன்னலுக்குக் கீழே நிற்கவில்லை. மேலே ஏறி, நேராக ஜன்னலுக்குள் போனது.

உள்ளே குழந்தை வீலென்று அழத் தொடங்கியது.

அந்த அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. இப்பத்தான் கண்ண மூடினா."

அம்மா அவசரமாக வண்டியை அணைத்தார். "மன்னிச்சுக்கம்மா. நேத்து சரியா இருந்துச்சே." பிறகு திரும்பி, "நீ ஏதாவது தொட்டியாடி?" என்றார்.

"சத்தியமா இல்லம்மா."

மாமாவுக்கு போன் போனது. "நான் இறுக்கின போல்ட்டா? யானை வந்து இழுத்தாலும் அசையாது" என்றார் மாமா. "அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போட்டுக்கச் சொல்லேன்."

"நம்ம விளக்குக்கு அவங்க எதுக்குடா காத்தை மறைக்கணும்? நாளைக்கு வந்து பாரு. சரியா வரலேன்னா கழட்டிட்டுப் போயிடு. நான் மெயின் ரோட்டுலயே நிறுத்திக்கிறேன். குழந்தை தூக்கத்தக் கெடுத்துட்டு எனக்கு ஒண்ணும் வெளிச்சம் வேணாம்."

மெயின் ரோட்டில் என்றால், அம்மா ராத்திரியில் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். போன வருடம் அப்படித்தான் செய்தார். டார்ச்சுவுக்கு அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் தண்ணீர் நிலையத்துக்கு விடுமுறை. வண்டி வீட்டிலேயே நின்றது. டார்ச்சு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோடுகள் எதுவும் உடையவில்லை. போல்ட்டு அசையவில்லை. விளக்கும் அசையவில்லை. ஆனால் வெளிச்சம் மட்டும் ஏறியிருக்கிறது.

யோசிப்பதற்காக வண்டியின் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெருவிரலால் தரையில் கோடு போடப் பார்த்தாள்.

பெருவிரல் தரையைத் தொடவில்லை.

காலை நீட்டிப் பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை. மாமா வேலை செய்த அன்று எட்டியதே. இரண்டே நாளில் கால் குட்டையாகுமா?

டார்ச்சு இறங்கினாள். பின்சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அங்கே வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவைதான் வண்டியின் ஸ்பிரிங். பாரம் ஏறினால் அமுங்கும், இறங்கினால் எழும்பும். அவள் வண்டியின் மேல் பக்கம் பார்த்தாள். காலி கேன்கள். வெறும் காற்று.

சாயங்காலம் மாமா வந்ததும் டார்ச்சு கையில் சாக்பீஸோடு தயாராக நின்றாள். கடைசி வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தாள். குழந்தை உள் அறைக்குப் போயிருந்தது. அம்மா எஞ்சினைப் போடாமல், சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தார்.

வெளிச்சம் ஜன்னலுக்குள் விழுந்தது. அதன் மேல் விளிம்பு எங்கே இருக்கிறது என்று டார்ச்சு சுவரில் ஒரு கோடு போட்டாள்.

"மாமா, இப்போ வண்டி மேல ஏறுங்க. கடைசி ஓரத்துல நில்லுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்களேன்."

மாமா ஏறினார். வண்டி முனகியது. சுவரில் இருந்த வெளிச்சம் கோட்டை விட்டுக் கீழே இறங்கியது.

"அட" என்றார் மாமா. ஒரு தடவை குதித்துப் பார்த்தார். வெளிச்சமும் குதித்தது.

"டேய், ஸ்பிரிங் உடையப் போகுது" என்று அம்மா முன்னாலிருந்து சத்தம் போட்டார்.

டார்ச்சு வேகவேகமாகச் சொன்னாள். "அன்னிக்கு வண்டியில எல்லாமே தண்ணி நிறைஞ்ச கேனா இருந்துச்சு. பின்பக்கம் அமுங்கியிருந்துச்சு. என் காலு தரையத் தொட்டுச்சு. விளக்கும் தரையைப் பாத்துச்சு. இப்போ காலி கேனு. பின்பக்கம் மேல வந்துடுச்சு. நாம தாடையத் தூக்கினா பார்வை மேல போகுமில்ல, அது மாதிரி."

மாமா வண்டிமேல் நின்றபடியே யோசித்தார். பிறகு சிரித்தார். "என் பட்டறைக்கு வர்ற வண்டியெல்லாம் லோடை இறக்கிட்டு காலியாத்தான் வரும். இந்த ஒரு வண்டிதான் நிறைமாசமா வந்து நின்னுச்சு. அது எனக்கு உறைக்கல பாரு. சரி, எதுக்கு வச்சு இப்போ சரி பண்றது? லோடு இருக்கும்போதா, இல்லாதபோதா?"

"சந்துக்குள்ள எப்பவும் காலியாத்தானே வருது. காலிக்கு வைங்க."

"லோடோட ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தா?"

டார்ச்சு அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒரு நாள் பகல்ல வந்ததத் தவிர, லோடோட எடுக்கறது தண்ணி நிலையத்துல மட்டும்தான்" என்றார் அம்மா. "அங்க பகல் மாதிரி விளக்குப் போட்டிருப்பாங்க."

மாமா இறங்கினார். ஸ்பானரை எடுத்தார். சிவப்புக் கோடு உடைந்தது. விளக்குகள் இரண்டும் கொஞ்சம் தலை குனிந்தன. டார்ச்சு சுவருக்கருகே நின்று, "இன்னும், இன்னும்" என்றாள். வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கி, சுவரின் அடிக்கு வந்து, தரையில் பரவியது. சாக்கடையின் விளிம்பு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. அதற்குள் கிடந்த அவளுடைய பழைய டார்ச் விளக்கும் தெரிந்தது.

"போதும்" என்றாள் டார்ச்சு.

அடுத்த நாள் இருட்டிய பிறகு அம்மா வந்தார். வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்தது. தரை பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் இருட்டாக இருந்தது. ஆனால் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது.

வாசற்படியில் நின்ற டார்ச்சு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா நிறுத்திட்ட? தெரியலையா?"

"எல்லாம் நல்லாத் தெரியுது. யாரும் 'வரலாம்'னு சொல்லலையே. எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

டார்ச்சுவுக்குச் சிரிப்பு வந்தது. படியை விட்டு இறங்காமலே, குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்டு... வரலாம்..."

அவள் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி கடைசி வீட்டு அக்கா இருட்டு ஜன்னலிலிருந்து கிசுகிசுத்தார்.

"போதும்."